கூப்பிட்டால் வராதவர்கள்

பூனையைப் புரிந்துகொள்வதற்கான புத்தகங்கள் நூலகத்தில் விலங்கியல் அடுக்கில் இருக்கும். அதிகம் பேசாத மனிதரைப் புரிந்துகொள்வதற்கான புத்தகங்கள் உளவியல் அடுக்கில் இருக்கும். இரண்டும் விசாரிப்பது ஒரே வழக்கைத்தான். பூனை நெடுங்காலமாக நாயை வைத்தே அளக்கப்பட்டது. கூப்பிட்டால் வராது, நன்றி கிடையாது, மனிதரைவிட வீட்டின் மேல்தான் பாசம் என்ற புகார்களெல்லாம் நாயிடம் பழகியதைப் பூனையிடம் தேடியதால் வந்தவை. இன்று பலரும் ‘இன்ட்ரோவர்ட்’ என்று சொல்லும் அகமுகரும் அப்படித்தான் கலகலப்பானவரை வைத்து அளக்கப்பட்டார். உம்மணாமூஞ்சி, தலைக்கனம் பிடித்தவர், பிழைக்கத் தெரியாதவர் என்று அவருக்குக் கிடைத்த பட்டங்கள் அந்த அளவுகோல் தந்தவை. 2012-இல் வெளிவந்த சூசன் கெய்னின் ‘குவயட்’, 2013-இல் வெளிவந்த ஜான் பிராட்ஷாவின் ‘கேட் சென்ஸ்’ ஆகிய இரண்டும் அந்த அளவுகோலைத்தான் கேள்விக்கு உட்படுத்தின. கெய்ன் வழக்கறிஞர் வேலையை விட்டு எழுத வந்த அமெரிக்கர். பிராட்ஷா இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள உறவை ஆராய்ந்த உயிரியலாளர்.

பழைய பூனை நூல்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆங்கிலேய விலங்கியலாளர் செயின்ட் ஜார்ஜ் மிவார்ட் 1881-இல் எழுதிய ‘தி கேட்’, முதுகெலும்புள்ள விலங்குகளின் உடற்கூற்றை மாணவருக்கு விளக்கப் பூனையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டது. அமெரிக்க எழுத்தாளர் கார்ல் வான் வெக்டனின் ‘தி டைகர் இன் தி ஹவுஸ்’ 1920-இல் வந்தது. இலக்கியத்திலும் இசையிலும் நாட்டார் நம்பிக்கையிலும் பூனைக்கு இருந்த இடத்தை அது கொண்டாடியது. பூனை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்த்து எழுதிய முன்னோடி நூல், ஜெர்மானியரான பால் லேஹவுசனுடையது. 1956-இல் ஜெர்மன் மொழியில் வெளியான அதன் விரிவான ஆங்கில வடிவம் 1979-இல் வந்தது.

லேஹவுசனின் பலம் அவருடைய கண். நாயைக் கண்டு முதுகை வில்லாக வளைத்து, மயிர் சிலிர்க்க நிற்கும் பூனையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கோபம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் கால்களைப் பார்த்தார். முன்னங்கால்கள் பின்வாங்குகின்றன, பின்னங்கால்கள் முன்னேறுகின்றன, இடையில் மாட்டிக்கொண்ட முதுகு மேலே எழுகிறது. பாயவும் வேண்டும், ஓடவும் வேண்டும் என்ற இரண்டு உந்துதல்கள் ஒரே உடலில் ஒரே நேரத்தில் வேலை செய்வதன் வடிவம் அது. காதும் கண்மணியும் வாயும் படிப்படியாக மாறும் விதத்தையும் இதே போல முகங்களின் வரிசையாக அவர் படம் போட்டுக் காட்டினார். பூனைக்கு முகபாவமே இல்லை என்ற பேச்சுக்கு அந்தப் படங்களே போதுமான பதில்.

தனியே வேட்டையாடும் பூனைகள் இரவில் தங்கள் எல்லைகளுக்கு அருகே ஒரு பொது இடத்தில் கூடுவதையும் அவர் பதிவுசெய்தார். சண்டை இல்லை, இனச்சேர்க்கைப் பருவமும் இல்லை. சில அடி இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும். ஏதோ ஒன்றிரண்டு நெருங்கிவந்து நக்கிக்கொள்ளும். நேரம் கழித்து ஒவ்வொன்றாகக் கலைந்துபோகும். தனித்து வாழ்வது வேறு, பிறரை வெறுப்பது வேறு என்பதற்கு இந்தக் குறிப்பு நல்ல சான்று. பின்னாளில் வந்த பூனை நூல்கள் பலவும் வேறு வேறு வழியில் இதையே சொல்லிவருகின்றன.

தனிமை பூனைக்கு வந்த வழி அதன் வம்சத்தில் இருக்கிறது. கார்லோஸ் டிரிஸ்கால் தலைமையிலான குழு ஏறத்தாழ 1,000 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டு, வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்று 2007-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழமையான ஒரு புதைகுழியில் மனித எலும்புக்கூட்டுக்கு அருகிலேயே ஓர் இளம் பூனையின் முழு எலும்புக்கூடும் கிடைத்தது. பூனை அந்தத் தீவின் சொந்த விலங்கு அன்று. யாரோ படகில் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனாலும் நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வேட்டையாடுவது, பூனையின் மூதாதை தன் எல்லையைத் தானே காத்துத் தனியே இரை தேடியது. உழவர் தானியம் சேமித்தார்கள், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. யாரும் அதைப் பழக்கி ஏவவில்லை. அபிகெய்ல் டக்கர் 2016-இல் எழுதிய ‘தி லயன் இன் தி லிவிங் ரூம்’, ஜோனதன் லோசோஸ் 2023-இல் எழுதிய ‘தி கேட்ஸ் மியாவ்’ ஆகிய இரண்டும் இந்த வரலாற்றை நிறைவாகச் சொல்கின்றன. பரிணாம உயிரியலாளர் எழுதியது என்பதால் லோசோஸின் நூலில் ஆதாரங்களை எடைபோடும் நிதானம் கூடுதலாக இருக்கிறது.

துறை வல்லுநர்கள் கையில் வைத்திருக்கும் நூல் டென்னிஸ் டர்னரும் பேட்ரிக் பேட்சனும் தொகுத்த ‘தி டொமஸ்டிக் கேட்’. 1988-இல் முதல் பதிப்பும் 2014-இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. பூனைக்குட்டி மனிதரோடு பழகிக்கொள்ளும் பருவம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் என்ற ஐலீன் கார்ஷின் முடிவு பொதுவாசகருக்கும் பரவ இத்தகைய நூல்கள் காரணம். அந்த வாரங்களில் நாளுக்கு 15 நிமிடம் கையில் வைத்துப் பழக்கிய குட்டிகளைவிட 40 நிமிடம் பழக்கியவை வளர்ந்தபின் மனிதரிடம் அதிகம் ஒட்டின. தெருவில் பிறந்து அந்தப் பருவத்தில் மனிதக் கையே படாத பூனை பிறகு எவ்வளவு சோறு வைத்தாலும் எட்டியே நிற்பதற்கு இதுதான் விளக்கம். நன்றிகெட்டதனம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

டர்னர் சூரிச்சில் செய்த ஆய்வுகள் பூனை வளர்ப்போர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை. பூனையும் மனிதரும் ஒன்றாகக் கழிக்கும் நேரத்தை யார் நீட்டிக்கிறார்கள் என்று அவர் கணக்கெடுத்தார். பூனை தானாக வந்து தொடங்கிய உறவாடல் நீண்டது. மனிதர் போய்த் தூக்கித் தொடங்கியது சீக்கிரம் முடிந்தது. அது மட்டுமில்லை, பூனை விரும்பும்போது மனிதர் எந்த அளவுக்கு இணங்குகிறாரோ அந்த அளவுக்கு மனிதர் விரும்பும்போது பூனையும் இணங்கியது. யாரிடமும் வராத பூனை, அதைக் கண்டுகொள்ளாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியின் மடியில் போய் ஏறுவது வீட்டாருக்குப் புதிராக இருக்கும். தொடங்கும் உரிமையை அவர் பூனையிடமே விட்டுவைத்தார் என்பதைத் தவிர அதில் மர்மம் எதுவும் இல்லை.

பிராட்ஷாவின் ‘கேட் சென்ஸ்’ இந்த ஆய்வுகளைச் சாதாரண வாசகருக்குக் கொண்டுவந்த நூல்களில் மிகச் சிறந்தது. வாலை நேராக நிமிர்த்தி வரும் பூனை நட்போடு வருகிறது என்பதை அவருடைய குழு ஓர் எளிய சோதனையால் காட்டியது. பூனையின் உருவத்தைக் கறுப்புத் தாளில் வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். நிமிர்ந்த வால் கொண்ட உருவத்தை நோக்கி வீட்டுப் பூனைகள் தயக்கமின்றிப் போயின. வால் தாழ்ந்த உருவத்திடம் தயங்கின. குட்டி தாயிடம் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடும். வளர்ந்த பூனை அதே சைகையோடு மனிதரிடம் வந்து காலில் உரசுகிறது. அடிமையாகவும் இல்லாமல் முதலாளியாகவும் இல்லாமல், தாய்க்கு அருகில் வரும் ஓர் இடத்தில் அது மனிதரை வைத்திருக்கிறது என்று பிராட்ஷா கருதுகிறார். நூலின் பிற்பகுதியில் அவர் ஒரு கவலையையும் எழுப்புகிறார். மனிதரோடு நன்றாக ஒட்டும் வீட்டுப் பூனைகளுக்கெல்லாம் இனப்பெருக்கத்துக்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால், அடுத்த தலைமுறையைப் பெறுவது மனிதரைக் கண்டு ஓடும் தெருப்பூனைகளாக இருக்கும். கருத்தடை தேவை என்பதில் அவருக்கு மறுப்பு இல்லை. பூனையின் குணத்துக்கு அது செய்யக்கூடியதை யாரும் யோசிக்கவில்லையே என்பதுதான் அவர் வாதம்.

கூப்பிட்டால் வராது என்ற பழைய புகாருக்கு ஜப்பானிலிருந்து நேரடியாக விடை வந்தது. அட்சுகோ சைட்டோவின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாதவர்கள் பூனையின் பெயரைச் சொல்லி அழைத்த பதிவுகளையும், பிறகு வளர்ப்பவர் அழைத்த பதிவையும் பூனைக்குப் போட்டுக் காட்டினார்கள். வேற்றுக்குரல்கள் தொடரத் தொடரப் பூனையின் கவனம் குறைந்தது. சொந்தக் குரல் வந்ததும் காதும் தலையும் திரும்பின. எழுந்து வந்தவை மிகக் குறைவு. குரல் தெரிகிறது, ஆளும் தெரிகிறது, எழுந்து ஓட வேண்டும் என்ற பழக்கம் மட்டும் அதன் வம்சத்தில் இல்லை. 2019-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டேல் குழந்தைகளுக்குச் செய்யும் பற்றுறவுச் சோதனையைப் பூனைக்குட்டிகளுக்குச் செய்தார். வளர்ப்பவரிடம் பாதுகாப்பான பற்று காட்டியவை 64.3 சதவீதம். மனிதக் குழந்தைகளில் இந்த அளவு ஏறத்தாழ 65 சதவீதம். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும் மனிதரிடம் பூனை கூடுதலாக நெருங்குவதைக் காட்டினார்கள். முறைத்துப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். சாரா பிரவுனின் ‘தி ஹிடன் லாங்வேஜ் ஆஃப் கேட்ஸ்’ (2023) இத்தகைய சைகைகளை வரிசையாக விளக்குகிறது. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஜாக்சன் கேலக்ஸியின் ‘டோட்டல் கேட் மோஜோ’ (2017) ஆய்வு நூல் ஆகாது. ஆனால் பயந்த பூனைக்கு உயரத்தில் ஒரு தட்டு, ஒளிய ஒரு கூடு என்று வீட்டை மாற்றியமைக்கச் சொல்லும் அதன் யோசனைகள் பயனுள்ளவை.

மனிதரைப் பற்றிய நூல்களின் வரிசை கார்ல் யுங்கிடமிருந்து தொடங்குகிறது. 1921-இல் ஜெர்மன் மொழியில் வந்த ‘உளவியல் வகைகள்’ என்ற பெருநூலில் அகமுகம், புறமுகம் என்ற பகுப்பை அவர் நிலைநிறுத்தினார். ஃபிராய்டும் ஆட்லரும் ஒரே நோயாளியைப் பற்றி ஏன் வேறுவேறு முடிவுக்கு வருகிறார்கள் என்ற கேள்வி அவரை அதற்கு இட்டுச்சென்றது. மனதின் ஆற்றல் வெளியுலகை நோக்கிப் பாய்கிறதா, உள்ளே திரும்புகிறதா என்பதுதான் யுங்கின் அடிப்படை. கூச்சமா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. பிற்காலத்து எளிய நூல்கள் பல இந்த வேறுபாட்டைக் குழப்பிவிட்டன. கூச்சம் என்பது பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். மேடையில் அச்சமே இல்லாமல் பேசிவிட்டு, பேசி முடித்ததும் தனியே போகத் துடிப்பவர் அகமுகர்.

ஹான்ஸ் ஐசங்க் 1967-இல் இதற்கு உடலில் காரணம் தேடினார். அகமுகரின் மூளை இயல்பாகவே கூடுதல் விழிப்பில் இருப்பதால், வெளியிலிருந்து வரும் தூண்டல் சீக்கிரமே மிகையாகிவிடுகிறது என்பது அவர் கருத்து. நாக்கில் எலுமிச்சைச் சாறு விட்டு ஊறும் எச்சிலை அளந்த சோதனை இந்த வகையில் புகழ்பெற்றது. அகமுகருக்குக் கூடுதலாக ஊறியது. சந்தடியான இடத்தில் அவர் ஒதுங்குவது வெறுப்பினால் அன்று என்பதைச் சொல்ல இந்தக் கொள்கை வழி செய்தது.

இரண்டு அடுக்குகளும் உண்மையில் தொட்டுக்கொள்ளும் இடம் பிறவிக்குணம் பற்றிய ஆய்வு. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் 1989-இல் தொடங்கி, நான்கு மாதக் குழந்தைகள் 500 பேருக்குப் பலூன் வெடிக்கும் ஓசையும் அறிமுகமில்லாத குரல்களும் ஆடும் பொம்மைகளும் காட்டிப் பார்த்தார். ஏறத்தாழ 20 சதவீதக் குழந்தைகள் கையையும் காலையும் உதைத்து அழுதன. ஏறத்தாழ 40 சதவீதம் அமைதியாக இருந்தன. உதைத்து அழுத குழந்தைகளே வளரும்போது புதிய ஆளையும் இடத்தையும் எச்சரிக்கையோடு அணுகுபவர்களாவதற்கு வாய்ப்பு அதிகம் என்று அவர் கண்டார். அவருடைய ‘கேலன்ஸ் பிராஃபசி’ (1994) இந்தத் துறையின் முக்கிய நூல். பூனைகளில் இதற்கு இணையானதை சாண்ட்ரா மெக்கூன் 1995-இல் வெளியிட்டார். நட்பான தந்தைப் பூனைக்குப் பிறந்த குட்டிகளையும் அப்படி இல்லாத தந்தைக்குப் பிறந்தவற்றையும் அவர் ஒப்பிட்டார். இரு சாராரிலும் பாதிக் குட்டிகள் சிறுவயதில் மனிதரோடு பழக்கப்பட்டவை. மனிதரை அணுகுவதில் தந்தையின் குணம், குட்டிப்பருவப் பழக்கம் இரண்டும் தெரிந்தன. முன்பின் பார்த்திராத ஒரு பெட்டியை வைத்தபோது பழக்கத்தின் செல்வாக்கு மறைந்து, தந்தையின் குணம் மட்டும் நின்றது. குட்டிகள் பெற்றது புதியதை அணுகும் துணிச்சலே தவிர மனிதப் பாசம் அன்று. கேகனின் அழுத குழந்தை அப்படியே அகமுகராகிவிடும் என்று சொல்லிவிடவும் முடியாது. கேகனே அப்படிச் சொல்லிவிடாமல் கவனமாக இருந்தவர்.

ஆங்கிலேய மனநல மருத்துவர் ஆந்தனி ஸ்டோர் எழுதிய ‘சாலிட்யூட்’ (1988) இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத நல்ல நூல். நெருங்கிய உறவுகளே மனிதரின் மகிழ்ச்சிக்கு ஒரே ஊற்று என்ற அக்கால உளப்பகுப்பாய்வுக் கருத்தை அவர் மறுத்தார். தனியே இருக்கத் தெரிவது மனமுதிர்ச்சியின் அடையாளம் என்றும், மனிதரைப் போலவே வேலையும் கலையும் ஒருவருக்கு வாழ்வு தரும் என்றும் வாதிட்டார். தனிமையில் வளர்ந்து எழுத்தாளரானவர்களை அவர் ஆராய்ந்தபோது பட்டியலில் ருட்யார்ட் கிப்ளிங்கும் வந்தார். தன் போக்கில் தனியே நடக்கும் பூனையின் கதையை 1902-இல் எழுதிய அதே கிப்ளிங்தான். மார்ட்டி ஓல்சன் லேனியின் ‘தி இன்ட்ரோவர்ட் அட்வான்டேஜ்’ (2002) ஆறுதலாக இருந்தாலும், அகமுகரின் மூளை வேறு வேதிப்பொருளில் இயங்குவதாக அது தரும் விளக்கம் ஆதாரத்தை மீறிப் போகிறது.

கெய்னின் ‘குவயட்’ இவற்றையெல்லாம் திரட்டி, சமூக வரலாற்றையும் சேர்த்துக்கொண்டதால்தான் வென்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா நகரமயமானது, அறிமுகமில்லாதவரிடம் தன்னை விற்றுக்கொள்ள வேண்டிய காலம் வந்தது, ஒழுக்கத்தைப் போற்றிய பண்பாடு கவர்ச்சியைப் போற்றத் தொடங்கியது என்பது வரலாற்றாசிரியர் வாரன் சஸ்மனிடமிருந்து அவர் பெற்ற வாதம். டேல் கார்னகியின் எழுச்சியை அதற்குச் சாட்சியாக வைக்கிறார். சுவரில்லாத அலுவலகக் கூடமும், கூடி உட்கார்ந்து யோசனை சொல்லும் கூட்டமும் நல்ல வேலைக்கு உதவுகின்றனவா என்று கேட்டு, தனியே யோசித்தவர்களிடமிருந்தே கூடுதல் யோசனைகள் வந்த ஆய்வுகளை எடுத்துக்காட்டுகிறார். காந்தி அவருக்கு முக்கியமான உதாரணம். பம்பாய் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, வாய் வராமல் உட்கார்ந்துவிட்டதைச் சத்திய சோதனை வாசகர்கள் அறிவார்கள். பேச்சில் இருந்த தயக்கம் சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது என்று காந்தியே அதில் நன்றியோடு எழுதுகிறார்.

நூலுக்குக் குறைகள் உண்டு. கூச்சம், நுண்ணுணர்வு, சிந்தனைப்போக்கு எல்லாவற்றையும் அகமுகம் என்ற ஒரே குடையின் கீழ் அவர் கொண்டுவருகிறார். தாம் சொல்லை விரித்தே பயன்படுத்துவதாக அவரே குறிப்பிட்டிருந்தாலும் வாசகர் மனதில் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. ஆசிய வழிவந்த அமெரிக்கர் பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் கிழக்காசியக் குடும்பங்களைப் பார்த்து எழுதப்பட்டது. தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபத்தையும் பட்டிமன்ற மேடையையும் அறிந்தவர்கள் ஆசியர் என்றால் அமைதியானவர் என்ற எண்ணத்தை ஏற்க மாட்டார்கள். இங்கே பேசாத பிள்ளைக்கு வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்கும் நெருக்கடி அமெரிக்காவில் கிடைப்பதற்குக் குறைந்ததில்லை.

பூனைப் பிரியர் எல்லாம் அகமுகர் என்ற பேச்சையும் ஆய்வுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் காஸ்லிங் 2010-இல் 4,565 பேரிடம் எடுத்த கணக்கில், தங்களை நாய்ப் பிரியர் என்றவர்கள் புறமுகத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். பூனைப் பிரியர் பதற்றத்திலும் புதுமை நாட்டத்திலும் கூடுதலாக இருந்தார்கள். இது சராசரியில் தெரிந்த சாய்வு, தனி ஒருவருக்குச் சூட்டும் முத்திரை ஆகாது. பூனைகளுக்குள்ளும் அதே வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2,802 பூனைகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு, பூனையின் குணத்தை ஐந்து அளவுகளில் பிரித்தது. அவற்றில் ஒன்று புறமுகம். கூட்டத்தை விரும்பும் பூனையும் உண்டு, நாயோடு நடக்கப்போகும் அகமுகரும் உண்டு. பூனை நூலுக்கும் மனிதர் நூலுக்கும் முறையிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அகமுகர் தம் நிலையைத் தாமே சொல்ல முடியும். கெய்னின் நூலில் பாதி அப்படிச் சொன்னவர்களின் சாட்சியம். பூனை நூலாசிரியர் காதையும் வாலையும் நிமிடக் கணக்கையும் தவிர வேறெதையும் நம்ப முடியாது. அதனாலேயே நல்ல பூனை நூல்களில் மிகைப்பேச்சு குறைவு.

நடைமுறை என்று வரும்போது இரண்டு வகையும் பேசுவது ஒளிவிடத்தைப் பற்றித்தான். கனடா உளவியலாளர் பிரையன் லிட்டில் மாணவர்களைக் கட்டிப்போடும் பேச்சாளர், ஆனால் உள்ளூர அகமுகர். தாம் மதிக்கும் வேலைக்காக மனிதர் தம் இயல்பை மீறி நடக்கலாம், பிறகு மீண்டுவர ஓரிடம் வேண்டும் என்பது ‘மீ, மைசெல்ஃப் அண்ட் அஸ்’ (2014) நூலில் அவர் தரும் விளக்கம். கியூபெக்கில் ஒரு ராணுவக் கல்லூரியில் காலையும் பிற்பகலும் உரையாற்ற வேண்டியிருந்தபோது, இடைவேளை விருந்தைத் தவிர்த்து ரிஷெலியூ ஆற்றங்கரையில் தனியே நடப்பார். கல்லூரி வேறிடம் மாறி ஆறு இல்லாமல் போனதும் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிளாடியா வின்கேயின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விலங்குக் காப்பகத்தில் நடந்தது. புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளின் கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வைக்கப்பட்டது, மற்ற 9 பூனைகளுக்கு வைக்கப்படவில்லை. மன அழுத்தத்தின் அறிகுறிகளை இரண்டு வாரம் குறித்துவந்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே நிதானத்துக்கு வந்து மனிதரிடமும் நெருங்கத் தொடங்கின. பெட்டி இல்லாதவற்றுக்கு அதைவிட அதிக நாட்கள் ஆயின.